படிக்க ஓர் இடம்

“அத்தை, ரூம்ல படிக்கவே முடியல. எங்க போய் உக்காருறதுன்னே தெரியல.”

இரண்டு வாரத்துக்கு முன்பு ராத்திரி பத்தரை மணிக்கு அண்ணன் மகள் போன் செய்து சொன்னது இது. சென்னையில் பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். விடுதி அறையில் நான்கு பேர். ஒருத்திக்குப் பாட்டு ஓடினால்தான் படிப்பு ஏறும், இன்னொருத்தி ஒன்பதரைக்கே லைட்டை அணைக்கச் சொல்வாள். யாரையும் குறை சொல்ல முடியாது, அது அவர்களுக்கும் அறைதானே. முதல் இன்டர்னலில் மதிப்பெண் குறைந்ததும் ‘எனக்குக் கணக்கு வராது’ என்று இவள் முடிவே கட்டிவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கணக்கு வராத பிள்ளை இல்லை அவள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க இடம் கிடைக்காத பிள்ளை.

கட்டணத்தைப் பற்றிப் பேசுகிறோம், உதவித்தொகையைப் பற்றிப் பேசுகிறோம். வகுப்பு முடிந்த பிறகு பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று கேட்பவரைக் காணோம். வீட்டில் தனி அறையும் மேசையும் இருந்தவர்களுக்கு இது தோன்றாது. திண்ணையிலும் அடுப்படி வெளிச்சத்திலும் படித்து வந்த எங்களுக்குக் கல்லூரியில்தான் முதல்முதலாக ஒரு மேசை கிடைக்க வேண்டும்.

2012இல் நான் சென்னையில் எம்.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். அங்கே நூலகத்துக்குள் சொந்தப் புத்தகம் கொண்டுபோகக் கூடாது. பையை வாசலில் வைத்துவிட்டு, நாலு வெள்ளைத் தாளும் பேனாவுமாக உள்ளே போக வேண்டும். நோட்டு வெளியே, சந்தேகம் உள்ளே! அதுவும் மாலை ஐந்தரைக்கெல்லாம் பூட்டிவிடுவார்கள்.

அந்த முதல் செமஸ்டர் முழுக்க இடம் தேடி அலைந்தேன். வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சு வாசிப்பதற்கு அருமையான இடம், எழுதுவதற்கு ஆகாது. கையை ஊன்ற எதுவும் இல்லை, பொழுது சாய்ந்ததும் கொசு. கேன்டீன் மதியம் மூன்றிலிருந்து நாலு வரை அமைதியாக இருக்கும். வாய்விட்டுப் படிக்கிறவர்களுக்கு மொட்டை மாடிதான். நம்மில் நிறையப் பேருக்கு நடந்துகொண்டே உரக்கச் சொன்னால்தான் மனதில் நிற்கும். அது ஒரு குறையே இல்லை. ஆனால் நூலகத்தில் வாயைத் திறக்க முடியாது, அறையில் நடக்க முடியாது. மாடிக் கதவில் பூட்டு.

கடைசியில் கிடைத்தது காலி வகுப்பறை. கணிதம் படிக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்று இன்றும் அடித்துச் சொல்வேன். காரணம் கரும்பலகை. ஒரு நிரூபணத்தை நோட்டில் எழுதும்போது பிழை கண்ணுக்குத் தப்பிவிடும். அதையே பலகையில் பெரிதாக எழுதிவிட்டு நாலடி பின்னால் வந்து பார்த்தால், மூன்றாவது வரியிலேயே நாம் ஏமாற்றியிருப்பது தெரிந்துவிடும். நாங்கள் மூன்று பேர். ஒருத்தி எழுதிக்கொண்டே விளக்க வேண்டும், மற்ற இருவரும் “ஏன்? ஏன்?” என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ரியல் அனாலிசிஸ் என்ற கணிதப் பாடம் எனக்குப் புரிந்தது அப்படித்தான். அந்த அறையைத் திறந்துவிட்டவர் ஒரு வாட்ச்மேன் அண்ணன். “ஃபேனை மட்டும் மறக்காம நிறுத்திட்டுப் போங்கம்மா” என்பதைத் தவிர ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு நாள் அவர் வேறு கட்டடத்துக்கு மாற்றப்பட்டார். அறை அப்படியேதான் இருந்தது, சாவிதான் இல்லை.

அப்புறம் சனி, ஞாயிறுகளில் பறக்கும் ரயில் ஏறிக் கோட்டூர்புரம் போக ஆரம்பித்தேன். அண்ணா நூற்றாண்டு நூலகம், 2010 செப்டம்பர் 15 அன்று திறந்தது. 2011 நவம்பரில் அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்து, உயர் நீதிமன்றம் தடை கொடுத்து, அந்தப் பேச்சு ஓயாத சமயம் அது. அங்கே சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதி இருந்தது. பெரிய மேசை, நல்ல வெளிச்சம், சுத்தமான கழிப்பறை. கழிப்பறையை விட்டுவிட்டுப் படிக்கும் இடத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. பெண்கள் எத்தனை மணி நேரம் ஓரிடத்தில் உட்கார முடியும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். சுற்றிலும் குரூப் தேர்வுக்கும் யுபிஎஸ்சிக்கும் படிக்கிறவர்கள் டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். முன்பின் தெரியாதவர்கள்தான். ஆனால் எதிரில் ஒருவர் தலைநிமிராமல் படித்துக்கொண்டிருந்தால் நமக்கும் போனை எடுக்கக் கை வராது.

அங்கேயும் நான் சாயங்காலம் ஐந்து மணிக்கே மூட்டை கட்ட வேண்டும். ஆறரைக்குள் பெண்கள் விடுதியில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். கூடப் படித்த பையன்கள் நூலகம் மூடும்வரை இருந்துவிட்டு வருவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஒரு செமஸ்டருக்கு எத்தனை மணி நேரம்! பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். சரி, அப்படியானால் விடுதிக்குள்ளேயே இரவு முழுவதும் திறந்திருக்கும் ஒரு படிப்பறை இருக்க வேண்டாமா? மெஸ் ஹால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சும்மாதானே கிடக்கிறது?

இதெல்லாம் புதிதாக யாரோ கண்டுபிடிக்க வேண்டிய யோசனைகள் அல்ல. சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அந்த ஒரு விதியை விளக்கும்போது அவர் பேசுவது நூலகம் எங்கே இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும், நாற்காலி மேசை எப்படி இருக்க வேண்டும் என்பதையெல்லாம்தான். ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்ததையும் அதில் சொல்கிறார். ஒரு கணித வாத்தியார் நம் ஊரிலிருந்தே இதை எழுதித் தொண்ணூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. நாம் இன்னும் ஐந்தரைக்குப் பூட்டுப் போடுகிறோம்.

கல்லூரி நடத்துபவர்களிடம் நான் கேட்பது புதுக் கட்டடம் இல்லை. இருக்கும் வகுப்பறைகளில் ஐந்தை இரவு ஒன்பது வரை திறந்து வையுங்கள். ஒரு காவலர், வேலை செய்யும் பிளக் பாயிண்டுகள், பக்கத்தில் குடிதண்ணீர், கழிப்பறை. அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கிக்கொண்டு அவள் வளாகம் முழுக்க இரண்டு பேருமாகச் சுற்றி வந்தோம். ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். ஃபேனுக்கு நேர்கீழே உட்காராதே, தாள் பறக்கும். வாசலைப் பார்த்து உட்காராதே, போகிற வருகிறவர்கள் எல்லோரும் கண்ணில் படுவார்கள். எழுத ஓர் இடம், வாய்விட்டுப் படிக்க ஓர் இடம் என்று இரண்டு இடமாவது வைத்துக்கொள். துறைத் தலைவரிடம் போய்க் கேள், ‘சாயங்காலம் வகுப்பறையைப் பயன்படுத்திக்கலாமா’ என்று. கேட்கத் தயங்காதே, கடன் ஒன்றும் கேட்கவில்லை நீ.

நேற்று மெசேஜ் வந்தது. மூன்றாம் மாடியில் கடைசி வகுப்பறை, ஏழு மணி வரை சரி என்று சொல்லிவிட்டார்களாம். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். பலகை நன்றாக இருக்கிறது, சாக்பீஸ்தான் இல்லையாம். ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன், நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.