அந்த இம்பாலா தியாகம் எதுவும் பண்ணலைங்க

மூணு சீட்டா (சிவிங்கிப்புலி) சூழ்ந்து பிடிச்சிருக்க ஒரு இம்பாலா மான் அசையாம நேரா பார்த்துட்டு நிக்கும்ல அந்த ஃபோட்டோ, "குட்டிங்க தப்பிக்கட்டும்னு தாய் தானா போய் மாட்டிக்கிச்சு, எடுத்தவர் டிப்ரஷன்ல விழுந்துட்டார்"னு வாட்ஸ்அப்ல சுத்துதே, சுத்தப் பொய். 2013ல கென்யாவோட மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துல எடுத்தது, ஃபோட்டோ எடுத்த பெண்ணே டிப்ரஷன் கதைய மறுத்துட்டாங்க. நடந்தது என்னன்னா தாய் சீட்டா இம்பாலாவ பிடிச்சு, வளர்ந்த தன் குட்டிங்கள கொல்லப் பழக விட்டுச்சு, அதுங்களுக்கு இன்னும் சரியா கழுத்தை நெரிக்க வரல, அதான் அவ்ளோ நேரம் இழுத்துச்சு. இம்பாலா பயத்துல உறைஞ்சு நின்னுச்சு, பாவம். பிள்ளைங்களுக்காக மெனக்கெட்ட அம்மா அங்க சீட்டாதான், அதை யாரும் ஃபார்வர்ட் பண்ணல! சீட்டா பெரும்பாலும் பகல்லயே வேட்டையாடும், அதனால சஃபாரி போறவங்களுக்கு இந்த மாதிரி காட்சி ஜீப்ல இருந்தே கிடைக்கும்.