டூடாவின் ஊர்க்காரர்

(2021 ஆகஸ்ட். போலந்தின் கிராகோவ் நகரை ஒட்டிய வியெலிச்கா. உப்புச் சுரங்கத்துக்குப் போகும் தெருவில் ஹலினாவின் வளைய ரொட்டி வண்டி. டாக்சி ஓட்டுநர் மரெக் ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் இணையச் சதுரங்கம் ஓடும் கைப்பேசியுமாக நிற்கிறார். போலந்து மொழியில் 'பான்' என்றால் ஐயா, 'பானி' என்றால் அம்மா.)

ஹலினா: பான் மரெக், ஒன்று தின்னுங்கள், இல்லாவிட்டால் ஆடுங்கள். கசகசா முழுவதும் திரையில் கொட்டுகிறது.

மரெக்: கசகசாவா? சிப்பாய் என்று நினைத்து இவ்வளவு நேரம் நகர்த்திக்கொண்டிருந்தேனே!

ஹலினா: அந்த டூடா பைத்தியம் இன்னும் தெளியவில்லையா?

மரெக்: எப்படித் தெளியும், பானி ஹலினா? சதுரங்க உலக சாம்பியன் கார்ல்சன், நீண்ட நேரம் ஆடும் கிளாசிக்கல் முறையில் 125 ஆட்டம் தோல்வியே காணாமல் இருந்தார். போன அக்டோபரில் ஸ்டாவங்கரில், அவருடைய நார்வேயிலேயே வைத்து அதை முடித்தவர் நம் யான் கிறிஸ்டோஃப் டூடா. இப்போது சோச்சியில் அரையிறுதியில் மறுபடியும் அவரைக் கவிழ்த்து, இறுதியில் ரஷ்யாவின் கர்யாகினையும் ஜெயித்து உலகக் கோப்பையை வாங்கிவிட்டார். வயது 23! இணையத்தைத் திறந்தால் அவர் பெயர்தான்.

ஹலினா: என் பேத்தியும் டூடா என்று தேடினாள். ஜனாதிபதிதான் வந்து நின்றார்.

மரெக்: அதுதான் என் பிழைப்பையும் கெடுக்கிறது. குடும்பப்பெயரும் ஒன்று, பிறந்ததும் இருவரும் கிராகோவில். வார்சாக்காரர் ஒருவர் வண்டியில் ஏறினார். "டூடாவின் ஊருக்குப் போகிறோம்" என்று பெருமையாகச் சொன்னேன். வழி நெடுக அரசியல் பேசித் தீர்த்துவிட்டார்.

ஹலினா: மீட்டர் ஓடியிருக்குமே.

மரெக்: ஓடியது. இறங்கும்போது டிப்ஸ்தான் வரவில்லை. நான் எந்தக் கட்சி என்று கடைசி வரை அவருக்குப் பிடிபடவில்லை.

ஹலினா: சதுரங்க டூடா என்று சொல்லவேண்டியதுதானே?

மரெக்: சொல்வானேன் என்று இணைய ஆட்டத்தில் என் பெயரையே "வியெலிச்கா டூடா" என்று வைத்துக்கொண்டேன். உப்புச் சிற்பத்தின் படமும் போட்டேன். என்ன மரியாதை தெரியுமா! பிரேசிலில் இருந்து ஒருவர், "ஐயா, உண்மையிலேயே தாங்கள்தானா?" என்று கேட்டு எழுதினார்.

ஹலினா: நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?

மரெக்: பதில் எழுதும் அவசரத்தில் ராணியை வெட்டுக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஹலினா: கிராண்ட்மாஸ்டர் ராணியைத் தியாகம் செய்கிறார் என்று நினைத்திருப்பார்.

மரெக்: முதல் ராணிக்கு அப்படித்தான் நினைத்தார். சிப்பாயை அரும்பாடுபட்டுக் கடைசிக் கட்டம் வரை கொண்டுபோய் இன்னொரு ராணி எடுத்தேன். அதையும் கொடுத்தேன். அங்கேதான் சந்தேகம் வந்துவிட்டது. அடுத்து வந்த நார்வேக்காரன் அதைவிட மோசம். என்னை மேட் செய்துவிட்டு "125-க்குக் கணக்குத் தீர்ந்தது" என்று எழுதிவிட்டுப் போனான்.

ஹலினா: ஊர் மானமே போயிற்று! முதலில் அந்தப் பெயரை மாற்றுங்கள்.

மரெக்: மாற்றிவிட்டேன். இப்போது "கார்ல்சன்".

ஹலினா: எதிராளியின் பெயரையா!

மரெக்: அந்தப் பெயரில் எத்தனையோ பேர் ஆடுகிறார்கள். தோற்றாலும் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள் என்று நம்பித்தான் வைத்தேன். நேற்று இரவு ஒரு பொடியன் வந்து என்னைப் பந்தாடிவிட்டான்.

ஹலினா: யார் அவன்?

மரெக்: யாரோ. பெயர் "டூடா" என்று போட்டிருந்தது.