பீட்டில் இன்ஜின் போட்டால் மானம் போகுமா?

போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரின் நகல் ஒன்றை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். மேலே ஃபைபர் கிளாஸ் பாடி, கீழே ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் தளம். பழைய இன்ஜின் கையை விரித்துவிட்டது. அடுத்து எதைப் போடலாம் என்று நண்பர்களைக் கேட்டதுதான் தப்பு. பாதிப் பேர் ஜப்பானின் சுபாரு கார் இன்ஜின் என்கிறார்கள். மீதிப் பேர், “எதையாவது போடு, பீட்டில் இன்ஜின் மட்டும் வேண்டாம், மானம் போகும்” என்கிறார்கள்.

மானம் போக இதில் என்ன இருக்கிறது? 1948இல் உருவான முதல் 356இலேயே இருந்தது பீட்டிலின் 1131 சிசி இன்ஜின்தான், கொஞ்சம் தேற்றியது. 1954இல் வந்த ஸ்பீட்ஸ்டரில் சாதாரண 1500 இன்ஜினின் சக்தி 55 குதிரைத்திறன். பிற்காலப் பீட்டிலின் 1600 இன்ஜினே 50 தரும். அசலுக்கும் நகலுக்கும் இவ்வளவுதான் தூரம்!

சுபாரு நல்ல இன்ஜின், மறுக்கவில்லை. 2.2 லிட்டரில் 130 குதிரைத்திறன் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அது தண்ணீரில் குளிர்வது. முன்னால் ரேடியேட்டர், அடியில் நீளத்துக்குக் குழாய்கள், அப்புறம் கம்ப்யூட்டர், வயரிங். அதையும் சமாளிக்கலாம் என்று வையுங்கள். என் காரின் தளம் 30 செ.மீ. வெட்டிச் சுருக்கியது, பின்னால் ஸ்விங் ஆக்ஸில், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் அச்சு. வேகமாகத் திரும்பும்போது பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்சக்கரம் அடியில் மடங்கப் பார்க்கும். இதில் 130 எதற்கு? அந்தப் பணத்தில் முதலில் பிரேக்கை மாற்றுவேன்.

என் தேர்வு, காற்றில் குளிரும் 1776 சிசி. பிஸ்டனை மேலும் கீழும் ஓட்டும் பழைய கிராங்க் தண்டு அப்படியே இருக்கும், பிஸ்டன் நகரும் தூரமான ஸ்ட்ரோக்கும் அதே 69 மி.மீ.தான். சிலிண்டர் விட்டம் மட்டும் 85.5இலிருந்து 90.5 மி.மீ. ஆகும். இதற்கு இன்ஜினின் வெளிக்கூடான கேஸையும், சிலிண்டரின் மூடியான ஹெட்டையும் கடைந்து அகலமாக்கியாக வேண்டும். கடையாமலே பொருந்தும் 88 மி.மீ. சிலிண்டரும் உண்டு, செலவு குறைவு. அந்த ஆசை வேண்டாம். சுவர் மெல்லியது, சூட்டில் கோணிக்கொள்ளும்.

சூடு என்றதும் இன்னொன்று. 1971க்கு முந்தைய பீட்டில் இன்ஜின்களில், ஆயிலின் சூட்டைத் தணிக்கும் ஆயில் கூலர், மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் காற்றை மறித்துக்கொண்டு நிற்கும். அதனாலேயே அந்த சிலிண்டர்தான் முதலில் மண்டையைப் போடும். கூலரைத் தனியே ஒதுக்கி வைத்த பிற்கால விசிறிக் கூடுதான் (விசிறிக் காற்றை சிலிண்டர்களுக்குத் திருப்பிவிடும் உறை) வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

கேஸ் இப்போது கடைசலுக்குப் போயிருக்கிறது. கார்புரேட்டர் ஒன்றா இரண்டா என்ற சண்டை இன்னும் பாக்கி.