அந்த ஆண்டு அவருடையது

பாதி சீசனில் விலகும் கல்லூரி வீரர்களைச் சுயநலக்காரர்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் 2018-இல் வந்த ரெட்ஷர்ட் விதிப்படி, ஒரு வீரர் நான்கு ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்டால், கல்லூரிக்காக அவர் ஆடக்கூடிய ஆண்டுகளின் கணக்கில் அந்த ஆண்டு சேராது. அதே ஆண்டு, க்ளெம்சன் பல்கலைக்கழக அணியில் முதல் நான்கு ஆட்டங்களைத் தொடங்கிய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) கெல்லி பிரையன்ட்டின் இடம் இன்னொரு குவார்ட்டர்பேக்கான ட்ரெவர் லாரன்ஸுக்குப் போனது. பிரையன்ட்டுக்கோ அது கடைசி ஆண்டு. அந்த ஆண்டை மிச்சப்படுத்த விலகி, மிசௌரி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவர் வேறென்ன செய்திருக்க முடியும்?

சரி, அணிக்கு அடிதான். சிராக்யூஸ் அணியுடனான அடுத்த ஆட்டத்திலேயே லாரன்ஸ் அடிபட்டு வெளியேறினார். மாற்று வீரர் சேஸ் பிரைஸ் கடைசி நிமிடங்களில் 94 கெஜம் பந்தை நகர்த்திக் கொண்டுபோய் 27-23 என ஜெயிக்க வைத்தார். அந்தப் பையனை மனதாரப் பாராட்டுகிறேன். அதற்காக பிரையன்ட்டைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உட்காரவைத்தது பயிற்சியாளரின் முடிவு, போனது அவருடைய முடிவு.