நடக்கவில்லை என்பதற்காக எழுதாமல் விடலாமா?

பெங்களூரு விமான நிலையத்தில் 2022 ஜனவரி 7 காலை இரண்டு விமானங்கள் மோதும் நிலைக்குப் போய்த் தப்பியதைப் பற்றி நான் எழுதிய நான்கு வரிக்கு வந்த பதில்களில் பாதி ஒரே பதில்தான்: "அதுதான் எதுவும் நடக்கவில்லையே, பிறகு ஏன் பதறுகிறீர்கள்?" கேட்டவர்களில் ஒருவர் நான் பெரிதும் மதிக்கும் பொறியாளர். அதனால்தான் மனம் ஆறாமல் இதை எழுதுகிறேன்.

எதுவும் நடக்கவில்லை என்பதே முதலில் சரியில்லை. அன்று வடக்கு ஓடுபாதையிலிருந்து விமானங்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தன, தெற்கு ஓடுபாதையில் இறங்கிக்கொண்டிருந்தன. பணியில் இருந்த ஷிப்ட் பொறுப்பாளர், இரண்டுக்கும் வடக்கு ஓடுபாதையே போதும் என்று முடிவெடுத்துத் தெற்கை மூடினார். அந்த முடிவு, விமானங்களுக்கு அனுமதி கொடுக்கும் தெற்குக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவருக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு கோபுரங்களும் ஒன்றையொன்று கலக்காமல் ஆளுக்கொரு விமானத்துக்குப் புறப்பட அனுமதி கொடுத்துவிட்டன. கொல்கத்தாவுக்கு ஒன்று, புவனேஸ்வரத்துக்கு ஒன்று. இரண்டிலும் சேர்த்து 426 பேர். மேலே எழும்பிய இரண்டு விமானங்களும் ஒன்றையொன்று நெருங்கும் திசையில் சென்றுகொண்டிருந்தபோது, ரேடார் திரையின் முன் அமர்ந்திருந்த கட்டுப்பாட்டாளர் அதைக் கவனித்து இரண்டையும் வெவ்வேறு திசைகளுக்குத் திருப்பினார். விமான நிலையத்துக்கு அருகே இரண்டு விமானங்களுக்கு இடையே பொதுவாக 3 முதல் 5 கடல் மைல் தூரமோ, 1,000 அடி உயர வேறுபாடோ இருந்தாக வேண்டும். அந்த இடைவெளி போனது என்றால் விபத்துக்கும் அந்த 426 பேருக்கும் நடுவே ஒரு மனிதரின் கண்கள் மட்டும்தான் மிஞ்சியிருந்தன என்று பொருள்.

இருந்தும் என் கோபம் அந்தத் தவறின் மீது இல்லை. மனிதர்கள் வேலை செய்யும் இடத்தில் தவறு நேரும். இந்தச் சம்பவம் எந்தப் பதிவேட்டிலும் ஏற்றப்படவில்லை, அந்தக் கோபுரங்களை நடத்தும் விமான நிலைய ஆணையம் மேலே தெரிவிக்கவும் இல்லை என்று விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் அதிகாரிகளே சொன்னார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பன்னிரண்டு நாள் கழித்துச் செய்தியில் படித்துத்தான் நாம் அறிந்தோம். எழுதப்படாததால் தவறு மட்டும் மறையவில்லை. 426 உயிர்களைக் காப்பாற்றிய அந்தக் கட்டுப்பாட்டாளரின் செயலும் ஏட்டில் இல்லாமல் போயிற்று.

எழுதுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 1974-ஐ நினைவுபடுத்துகிறேன். அமெரிக்காவில் வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்த டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் விமானம், எந்த இடத்தில் எவ்வளவு உயரத்துக்குத் தாழலாம் என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டு வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதியது. 92 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அதற்கு ஆறு வாரம் முன்பு யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே இடத்தில் அதே குழப்பத்தில் சிக்கி மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களின் விமானிகளுக்கு அது தெரியவில்லை. அந்த 92 பேருக்குப் பிறகுதான், 1976-இல், விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் தங்கள் தவறுகளைத் தண்டனை பயமின்றி எழுதி அனுப்பும் ஏற்பாட்டை நாசா நடத்தத் தொடங்கியது. தப்பித்தவன் எழுதி வைப்பது அடுத்தவனுக்காக என்று நான் சொல்வது இதனால்தான்.

"விமானத்திலேயே மோதலைத் தவிர்க்கும் கருவி இருக்கிறதே" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இருக்கிறது. 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்த பிறகு, நம் நாட்டில் அது கட்டாயமானது. ஆனால் தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே அந்தக் கருவி மேலே ஏறு, கீழே இறங்கு என்று கட்டளையிடாது. 2002-இல் ஜெர்மனியின் யூபர்லிங்கனுக்கு மேலே கருவி ஒரு கட்டளை சொல்ல, கட்டுப்பாட்டாளர் வேறொன்று சொல்ல, இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். கருவி கடைசி வேலி. கடைசி வேலி இருக்கிறதென்று மற்ற வேலிகளைப் பிரித்துப் போட முடியாது.

இதையெல்லாம் வெளியே சொன்னால் மக்கள் பீதியடைவார்கள் என்ற வாதத்துக்கு அதிகம் சொல்ல விருப்பமில்லை. மறைத்தது பின்னால் வெளிவரும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு வேகம் என்றால், என் அக்கா ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு ஆண்டுகள் செவிலியராக இருந்தவர். ஓர் இரவு, ஊசிமருந்தைக் கரைக்கக் காய்ச்சி வடித்த நீர் இருக்கும் ஆம்பியூலை, அதாவது சிறு மருந்துக் குப்பியை, எடுப்பதாக நினைத்து, நேராக ஏற்றினால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய பொட்டாசியம் குளோரைடை எடுத்துவிட்டார். இரண்டும் ஒரே தட்டில், ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் இருந்தன. உடைப்பதற்கு முன் பெயரைப் படித்ததால் நோயாளிக்கு எதுவும் ஆகவில்லை. அக்கா அதை ரிப்போர்ட் புத்தகத்தில் தன் கையாலேயே எழுதி, இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும் என்றும் குறிப்பிட்டார். மறுநாள் காலை, "நடக்காத ஒன்றை ஏன் எழுதினாய்?" என்றுதான் கேட்டார்கள். பிறகு மூன்று மாதம் தொடர்ந்து இரவுப் பணி. ஆம்பியூல்கள் அதே தட்டில்தான் இருந்தன. அதன் பிறகு அந்த வார்டில் யாரும் எதையும் எழுதவில்லை, அக்காவும் எழுதவில்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் இன்றும் வாடிவிடுகிறது.

ஆகவே, பொறுப்பானவர்கள் மீது மிகக் கடுமையான நடவடிக்கை எடுக்கப்படும் என்று டிஜிசிஏ அறிவித்ததைப் படித்து என்னால் நிம்மதியடைய முடியவில்லை. மறைத்ததற்குக் கடுமை வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தகவல் போய்ச் சேராமல் அனுமதி கொடுத்த கோபுர ஊழியரையும் அதே தராசில் நிறுத்தினால், அடுத்த முறை ரேடார் அறையில் இருப்பவரும் பேனாவை எடுக்கத் தயங்குவார். இப்படிச் சொல்வதால் நான் தவறு செய்தவருக்கு வக்காலத்து வாங்குவதாகச் சிலர் சொல்லக்கூடும், சொல்லட்டும். ஓடுபாதை மூடப்பட்டதை வாய்வழியாக மட்டும் சொல்லும் வழக்கம் அங்கே இருந்ததா, இரண்டு கோபுரங்களும் ஒப்புக்கொண்ட பிறகே மூட வேண்டும் என்ற விதி இருந்ததா என்று ஒருவரும் கேட்கக் காணோம். பெயரைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

நேற்று இரவு அக்காவிடம் தொலைபேசியில் இந்தச் செய்தியைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த ரேடார்காரர் எழுத வேண்டும் என்று நினைத்திருப்பார், தம்பி. பக்கத்தில் இருந்தவர்கள் என்ன சொன்னார்களோ" என்றார்.