தகரப் பெட்டிக்குள் இருந்த பாடம்

பாடசாலையில் வரலாறு படிப்பிப்பது பற்றி வந்த ஒரு கட்டுரைக்கு இது என் பதில். மனப்பாடம்தான் பிள்ளைகளுக்கு வரலாற்றைக் கசக்க வைக்கிறது என்று அந்தக் கட்டுரை சொல்வது சரி. ஆனால் அதற்குப் புரொஜெக்டரும் காணொளியும்தான் மருந்து என்று அது சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பத்தாம் தரத்துக்கு வரலாறு படிப்பிக்கிறேன். இந்திய வம்சாவளி மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தை எப்படிச் சொன்னாலும் வகுப்பு தூங்கும். போன தவணை, வீட்டில் பழைய கடதாசி ஏதும் இருந்தால் கொண்டு வாங்க என்றேன்.

தகரப் பெட்டியில் கிடந்த அப்பாயியின் பிரஜாவுரிமைச் சான்றிதழை ஒரு பிள்ளை கொண்டுவந்தாள். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. திகதியைப் பார்த்துவிட்டு, "அதுக்கு முன்னால அப்பாயி எந்த நாட்டு ஆள், டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பே நிமிர்ந்தது.

அப்புறம்தான், அந்த நாடற்றவர்களைப் பற்றி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தைக் கரும்பலகையில் எழுதினேன். இந்தியாவுக்கு 525,000 பேர், இங்கே 300,000 பேர், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு அரசுகளும் ஆட்களைப் பங்கு பிரித்த கணக்கு அது. தங்கள் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, யார் யார் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனார்கள் என்று பிள்ளைகள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள். மணி அடித்தும் எழும்பவில்லை.

சாதாரண தரப் பரீட்சைக்கு நேரம் போதாது என்னும் ஆசிரியர்களே, எனக்கு இதற்குச் செலவானது ஒரே ஒரு பாடவேளை.