லூசி வார்காவை யாரும் ஒளித்து வைக்கவில்லை

'அனால்' (Annales) என்ற பிரெஞ்சு வரலாற்று இதழைச் சுற்றி உருவான 'அனால்' வரலாற்றுப் பள்ளி என்றதும் மார்க் ப்ளாக், லூசியன் ஃபெவ்ர், அப்புறம் ப்ரோடெல் என்று வரிசையாகச் சொல்வோம். 1930களில் அதே இதழில் எழுதிக்கொண்டிருந்த லூசி வார்கா என்று சொன்னால், வரலாற்றில் முதுகலை முடித்தவர்கள்கூட யார் அது என்கிறார்கள். இப்போது அவரைப் பற்றி எழுதுகிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் எடுத்த எடுப்பிலேயே ஃபெவ்ருக்கும் அவருக்கும் இருந்த காதலைப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள், எனக்கு எரிச்சல் அங்கேதான்.

வார்கா 1904ல் வியன்னாவுக்குப் பக்கத்தில் பாடென் ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சர்க்கரை நோயாளி. வியன்னாவில் வரலாற்றுப் பேராசிரியர் டோப்ஷிடம் முனைவர் பட்டம் வாங்கினார். ஐரோப்பாவின் இடைக்காலத்தை 'இருண்ட காலம்' என்று சொல்லும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதுதான் ஆய்வு, அதுவே எவ்வளவு நல்ல கேள்வி! 1933 இறுதியில் கணவர் ஃபிரான்ஸ் போர்க்கெனாவுடன் பாரிஸுக்குப் போய், ஃபெவ்ருக்கு ஆய்வு உதவியாளரானார்.

அங்கே அவர் செய்த வேலையைப் பாருங்கள். ஆஸ்திரியாவின் மொன்டாஃபோன் மலைப் பள்ளத்தாக்கில் போய்த் தங்கி, மானிடவியலாளர் மாதிரி மக்களிடம் பேசி, பாதிரியாரும் பழைய வழக்கமும் சொன்னதே சட்டமாக இருந்த ஊரில் வெளியூர்ப் பணமும் சுற்றுலாக்காரர்களும் நுழைந்தபின் என்னென்ன ஆட்டம் கண்டது, அந்த இடைவெளியில் நாஜிகளின் பேச்சு எப்படி எடுபட்டது என்று 1936ல் எழுதினார். வரலாற்றாசிரியர் என்றால் ஆவணக் காப்பகத்தில் உட்கார வேண்டும் என்று நினைத்திருந்த காலம் அது. அடுத்த வருடம் நாஜியம் உருவான விதம் பற்றி ஒரு கட்டுரை. ஹிட்லரை நடுவில் வைத்து எழுதவில்லை. பிழைப்பும் மரியாதையும் போன சாதாரண ஆட்கள் எப்படி ஒரு புது மதத்துக்கு மாறுவதுபோல அந்தக் கட்சிக்குள் போனார்கள் என்று உள்ளே இருந்து பார்க்கிறார். அந்தக் கட்சி எதிரியாகப் பார்த்த ஒரு யூதப் பெண், 1937லேயே, இவ்வளவு நிதானமாக!

அதே 1937ல் ஃபெவ்ருடனான உறவு முறிந்தது, வேலையும் போனது. ஃபெவ்ருக்கு ஒன்றும் ஆகவில்லை, கொலேஜ் த ஃப்ரான்ஸ் பேராசிரியர் பதவி அப்படியே இருந்தது. அந்த வருடம்தான் தென் அமெரிக்காவிலிருந்து திரும்பும் கப்பலில் ப்ரோடெலைச் சந்தித்து வாரிசு போல வளர்க்கவும் தொடங்கினார். வார்கா கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார், ஆவாஸ் செய்தி நிறுவனத்திலும் இருந்தார். 1940ல் பிரான்ஸ் விழுந்ததும் அதுவும் போனது. இன்சுலின் தட்டுப்பாடான நாட்களில், 1941 ஏப்ரலில் துலூஸ் நகரில் இறந்தார். வயது 36.

பிறகு 50 வருடம் பேச்சே இல்லை. 1991ல் ஜெர்மன் வரலாற்றாசிரியர் பீட்டர் ஷோட்லர் அவருடைய கட்டுரைகளைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தார், பெரிய காரியம். ஆனால் அந்தக் கட்டுரைகள் ஏதோ பரணில் கிடந்தவை அல்ல. உலகம் முழுக்கப் பல்கலைக்கழக நூலகங்களில் பைண்டு செய்து அடுக்கியிருந்த இதழ்களில், அவர் பெயரோடுதான் இருந்தன. 'அனால்' பள்ளியின் வரலாற்றை எழுதியவர்கள் அதே தொகுதிகளைத்தானே புரட்டியிருப்பார்கள்? அவருக்குப் பல்கலைக்கழகப் பதவி இல்லை, மேற்கோள் காட்ட மாணவர்கள் இல்லை. இவை இல்லாத ஆளைத் தாண்டிப் போவது ரொம்ப சுலபம்.

காதலை மறைக்கச் சொல்லவில்லை, வேலை போனதற்குக் காரணமே அதுதான். ஆனால் ஃபெவ்ரைப் பற்றி எழுதும்போது அவருடைய புத்தகங்களை முதலில் பேசிவிட்டு இதை ஓரமாகச் சொல்கிறீர்களே, வார்காவுக்கும் அந்த வரிசையில் எழுதினால் என்ன? நட்பு வட்டத்தில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் இருந்தால் அந்த 1937 கட்டுரையைத் தமிழில் கொண்டுவாருங்கள். மெய்ப்புப் பார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.